வேட்பாளரின் செலவுக் கணக்கு



ரப்பர் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குப் பால் நிறுக்கும் கொட்டகை மறந்திருக்காது. வாளிகளைச் சுமந்து வந்து வரிசையில் நிற்பார்கள். கிராணி எடை பார்த்துப் புத்தகத்தில் எழுதுவார். எழுதப் படிக்கத் தெரியாத என் தாயார், அவர் எழுதி முடிக்கும் வரை அந்த இடத்தை விட்டு நகரமாட்டார். "நம்ம பாலு, நாம பாக்க வேணாமா?" என்பார்.

இன்று நான் பேச வந்ததும் ஒரு கணக்கைப் பற்றித்தான். அது சட்டமன்றத் தேர்தலில் நிற்கும் வேட்பாளரின் செலவுக் கணக்கு.

நம் நாட்டில் 1954-ஆம் ஆண்டின் தேர்தல் குற்றங்கள் சட்டம் இதற்கு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. சட்டமன்ற வேட்பாளர் ஒரு லட்சம் வெள்ளிக்கு மேல் செலவு செய்யக் கூடாது. நாடாளுமன்ற வேட்பாளருக்கு இரண்டு லட்சம். 2002-இல் சட்டம் திருத்தப்படும் வரை இந்த வரம்பு முறையே முப்பதாயிரமாகவும் ஐம்பதாயிரமாகவும் இருந்தது.

ஒரு முறை இதை ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு வகுத்தல் கணக்காகவே கொடுத்தேன். ஒரு தொகுதியில் நாற்பதாயிரம் வாக்காளர்கள் இருந்தால், ஒருவருக்கு எவ்வளவு? இரண்டு வெள்ளி ஐம்பது காசு. எல்லோரும் சரியாகப் போட்டார்கள். பின்வரிசையில் இருந்த ஒரு பையன் மட்டும் எழுந்து, "சார், அப்படின்னா ரோடு முழுக்கக் கொடி கட்டினாங்களே, அது யார் காசு?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி! சட்டத்தின் 19-ஆம் பிரிவு வேட்பாளரையும் அவருடைய தேர்தல் முகவரையும்தான் கட்டுப்படுத்துகிறது. கட்சி தன் பெயரில் செய்யும் செலவுக்கு அதில் வரம்பு கிடையாது. எனவே கொடியும் பதாகையும் மேடையும் கட்சிக் கணக்கில் போய்விட்டால், வேட்பாளரின் கணக்கு ஒரு லட்சத்துக்குள் அடக்கமாகவே நிற்கும். வேலியைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே வாசலையும் திறந்து வைத்த கதைதான் இது.

ஆனாலும் அந்தக் கணக்கு வெறும் காகிதமன்று. தேர்தல் முடிவு அரசாங்கப் பதிவேட்டில் வெளியான 31 நாட்களுக்குள், வென்றவரும் தோற்றவரும் செலவு விவரத்தை ஒப்படைக்க வேண்டும். யாரிடமிருந்து எவ்வளவு பணம் வந்தது என்பதும் அதில் இருக்க வேண்டும். வேட்பாளர் தம் கணக்கு உண்மை என்று உறுதிமொழியும் தர வேண்டும். ஒப்படைக்கத் தவறினால், கூட்டரசு அரசியலமைப்பின் 48-ஆவது விதிப்படி, ஐந்தாண்டுகளுக்கு நாடாளுமன்ற உறுப்பினராகும் தகுதியே போய்விடும். ஒரு தாளைக் கொடுக்காததற்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்று தோன்றலாம். அந்தத் தாளைக் கட்டணம் செலுத்தி யாரும் பார்வையிடலாம் என்பதை நினைத்தால் காரணம் விளங்கும்.

இனி, சொல்லக் கொஞ்சம் வெட்கமான ஒரு செய்தி. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு தேர்தல் சமயத்தில், எங்கள் குடியிருப்புக்கு ஐந்து கிலோ அரிசிப் பைகள் வந்தன. கொண்டு வந்தவர்கள் எந்தக் கட்சியின் சட்டையும் அணிந்திருக்கவில்லை. யாருக்காக வந்தார்கள் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். ஆசிரியனாகிய நானும் ஒரு பை வாங்கி வந்தேன். தாயார் அதைப் பார்த்துவிட்டு, "இத எந்தப் புத்தகத்துல எழுதுவாங்க?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் வரவில்லை. வாக்குக்காகக் கொடுத்த அரிசியைக் கணக்கில் எழுதினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும். எழுதாவிட்டால் கணக்கு பொய்யாகும். அதோடு, வாக்குக்காகப் பொருள் வாங்குகிற வாக்காளரும் அந்தச் சட்டத்தின்படி குற்றவாளிதான். இதை நான் அதற்குப் பிறகே படித்துத் தெரிந்துகொண்டேன்.

இதையெல்லாம் யார் கவனிக்கப் போகிறார்கள் என்று எண்ண வேண்டாம். நம் பேராவின் தாப்பாவிலிருந்து மலையேறினால், பகாங்கைச் சேர்ந்த கேமரன் மலை வந்துவிடும். 2018 பொதுத்தேர்தலில் அந்த நாடாளுமன்றத் தொகுதியில் வென்றவரின் பெரும்பான்மை 597 வாக்குகள். பூர்வகுடி வாக்காளர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டதென்று தோற்ற வேட்பாளர் வழக்குத் தொடுத்தார். அவ்வாண்டு நவம்பர் 30-ஆம் நாள் தேர்தல் நீதிமன்றம் அந்த வெற்றியைச் செல்லாதென்று அறிவித்தது. 2019 ஜனவரி 26-இல் மக்கள் மீண்டும் வரிசையில் நின்று வாக்களித்தார்கள். சட்டமன்றத் தேர்தலுக்கும் இதே சட்டந்தான்.

பேராவில் 59 சட்டமன்றத் தொகுதிகள் உள்ளன. 2022 நவம்பர் 19-இல் அவற்றுக்கு வாக்களிப்பு நடந்தபோது, பதினெட்டு வயது நிரம்பியவர்களும் முதன்முறையாக வாக்களித்தார்கள். கொடியைப் பற்றிக் கேட்ட அந்தப் பையனுக்கு அப்போது வயது போதவில்லை. இப்போது பதினெட்டு ஆகிவிட்டது. அடுத்த தேர்தல் முடிந்ததும், கணக்குகள் வந்து சேருகிற நாளில், ஈப்போவிலுள்ள தேர்தல் அலுவலகத்துக்குத் தன்னையும் அழைத்துப் போக வேண்டுமென்று கேட்டிருக்கிறான். கட்டணத்தை நான் கட்டுகிறேன், கூட்டல் கழித்தலை நீ பார் என்று சொல்லியிருக்கிறேன்.