செங்கொடி ஏறாத கப்பல்



ஏப்ரல் 14. அண்ணல் அம்பேத்கர் பிறந்த நாள். இந்திய நாடெங்கும் தீயணைப்புப் பணி நாளும் இதுதான். தீயணைப்புப் பணி நாளுக்கு இந்தத் தேதி எங்கிருந்து வந்தது? நம் மும்பைத் துறைமுகத்திலிருந்து வந்தது!

1944 ஏப்ரல் 14. உலகப் போர்க்காலம். விக்டோரியா டாக்கில் நின்ற ‘ஃபோர்ட் ஸ்டிகின்’ கப்பலில் ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருள். அதே கப்பலில் கராச்சியில் ஏற்றிய பஞ்சுப் பொதிகள். ஆபத்தான சரக்கு இருந்தால் செங்கொடி ஏற்றவேண்டும் என்பது துறைமுக விதி. அந்தக் கொடி ஏறவில்லை. பிற்பகலில் புகை கிளம்பியபோதும், பக்கத்துக் கப்பல்களில் வேலை நடந்துகொண்டே இருந்தது. நான்கு மணி தாண்டியதும் கப்பல் வெடித்தது. அரை மணி நேரத்துக்குள் மறுபடியும் வெடித்தது. சிம்லாவின் நிலநடுக்கக் கருவி வரை அதிர்ச்சி போய்ச் சேர்ந்தது. தீயணைப்பு வீரர்கள் 66 பேர் மாண்டார்கள். மொத்தச் சாவு 800 என்பாரும் உண்டு, 1,300 என்பாரும் உண்டு. கூலிக்கு மூட்டை தூக்கியவனை யார் எண்ணினார்கள்?

அடுத்த நாளே ஜப்பானியர் வசமிருந்த சைகோன் வானொலி செய்தியைச் சொல்லிவிட்டது. நம் பத்திரிகைகளின் செய்தியையோ வெள்ளையர் அரசின் தணிக்கை மே மாதம் வரை தடுத்து வைத்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தார்கள்! எதிரிக்குத் தெரிந்ததை, எரிந்த ஊருக்கு மறைப்பது பாதுகாப்பா?

படை நகரும் வழியை மறையுங்கள். அதை மறைத்தே ஆகவேண்டும். எல்லையில் நிற்பவனும் நம் வீட்டுப் பிள்ளைதான். ஆனால், பக்கத்தில் நிற்பவனுக்கு ஆபத்தை மறைக்காதீர்கள். நடந்து முடிந்த தவற்றையும் மறைக்காதீர்கள்.

தவற்றை மறைக்கும் இந்தப் பழக்கம் வெள்ளையரோடு போய்விடவில்லை. 1962 சீனப் போர்த் தோல்வியை ஆராய்ந்து 1963இல் இராணுவ அதிகாரிகள் ஹெண்டர்சன் புரூக்ஸும் பகத்தும் கொடுத்த அறிக்கையை, எந்த அரசும் இதுவரை மக்களுக்கு வெளியிடவில்லை. அறுபது ஆண்டு கழித்தும் அதில் எந்த எதிரிக்கு அஞ்சுகிறோம்?

தோழர்களே, 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(2) பிரிவு நம் கையில் இருக்கிறது. மறைப்பதால் வரும் நன்மையைவிடப் பொதுநலன் பெரிதானால், இரகசியச் சட்டத்தையும் மீறித் தகவல் தரலாம் என்கிறது அது. மனு எழுதுங்கள். மறுத்தால் மேல்முறையீடு செய்யுங்கள். உண்மை சொல்லும் அரசைத்தான் மக்கள் ஆபத்து நேரத்தில் நம்புவார்கள். அந்த உண்மையைக் கேட்டு வாங்குவது நம் கடமை!