முடி வளர்த்தலும் மூடநம்பிக்கையும்

(அனகாபுத்தூர் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் தலைமுடியை வளர்ப்பதும் பேணுவதும் பற்றியதாகும். "நாட்டில் எவ்வளவோ சங்கதியிருக்க மயிரைப் பற்றியா பேச்சு?" என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் மயிரின் பேரால் நடந்திருக்கிற கொடுமைகள் சிரிக்கத்தக்கவையல்ல. புருஷன் செத்தால் பெண்ணின் தலையை மொட்டையடித்து மூலையில் உட்கார வைத்தார்களே, அது எதைக்கொண்டு? அந்த வேலையை இனிச் செய்வதில்லையென்று 1890இல் பம்பாய் நாவிதத் தோழர்கள் கூடித் தீர்மானித்தார்கள். சாஸ்திரம் பிடித்த கைகளுக்கு வராத இரக்கம் கத்தி பிடித்த கைகளுக்கு வந்தது. சீனாவிலோ 1645இல் மஞ்சு அரசர்கள், ஆண்களெல்லாம் முன்தலையைச் சிரைத்துப் பின்னல் விட வேண்டுமென்று உத்தரவு போட்டு, மறுத்தவர்களின் தலையையே வாங்கினார்கள். 1911இல் புரட்சி வந்ததும் ஜனங்கள் அந்தப் பின்னலை அறுத்தெறிந்தார்கள். ஆகவே ஒருவர் முடிமீது மற்றவர் அதிகாரம் செலுத்துவது, அவரையே அடிமையாக்குவதாகும் என்கிறோம்.

நிற்க, முடி என்றால் என்ன? தோலுக்கு வெளியே தெரிவது உயிரற்ற பொருள். வெட்டினால் வலிப்பதில்லை என்பதே இதற்குச் சாட்சி. உயிருள்ள வேர் தோலுக்குள்ளே இருக்கிறது. முடி மாதத்திற்கு 1 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக, வருஷத்திற்குச் சுமார் 15 சென்டிமீட்டர், அதாவது அரை அடி வளரும். ஒவ்வொரு முடியும் 2 முதல் 6 வருஷம் வரை வளர்ந்து, ஓய்ந்து, உதிர்ந்து, அதே குழியில் வேறொன்று முளைக்கும். தினம் 50 முதல் 100 முடி உதிர்வது இயற்கை. அதைக் கண்டு கண்திருஷ்டியென்று மிளகாய் சுற்றிப் போட வேண்டியதில்லை.

மொட்டையடித்தால் முடி அடர்த்தியாக வளருமென்று சொல்லாத வீடில்லை. சிரைப்பதால் முடியின் தடிப்போ வேகமோ கூடுவதில்லையென்பதை மில்ட்ரெட் ட்ராட்டர் என்ற அமெரிக்க அம்மையார் 1928ஆம் வருஷத்திலேயே சோதித்து எழுதிவிட்டார். வெட்டுப்பட்ட முனை மழுங்கலாயிருப்பதால் கைக்குச் சொரசொரப்பாய்ப் படுகிறது, அவ்வளவுதான்.

எண்ணெயைப் பற்றி நெசவாளத் தோழர்களாகிய உங்களுக்கு நாம் விளக்க வேண்டியதேயில்லை. பாவுக்குக் கஞ்சி போடுகிறீர்களே, நூல் நீளுவதற்கா? உராய்வில் அறாமல் இருப்பதற்குத்தானே! தேங்காயெண்ணெயும் அப்படித்தான். அலசும்போது முடியிலுள்ள புரதம் கரைவதை அது குறைப்பதாக 2003இல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டிற்று. எண்ணெய் இருக்கிற முடியைக் காக்கும். இல்லாத முடியை முளைக்க வைக்காது. "முப்பதே நாளில் முழங்கால் வரை" என்று விற்கிற புட்டியும் மந்திரித்த தாயத்தும் ஒரே கடைச் சரக்குதான்.

முடி வளர்க்கிறவர்கள் கவனிக்க வேண்டியவை சிலவே. பருத்தி நூல் நனைந்தால் பலப்படும். முடியோ நனைந்தால் பலங்குறையும். ஆதலால் ஈரத்தலையை வரட்டு வரட்டென்று வாராமல், உலர விட்டு, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து சிக்கெடுத்து மேலே போக வேண்டும். சிக்கிய பாவை நடுவில் பிடித்து இழுப்பீர்களா? நுனி பிளந்தால் அந்த நுனியை வெட்டிவிடலாம். அதனால் வளர்ச்சி கூடாது, பிளவு மேலேறாது. நெற்றி இழுபடும்படி இறுக்கிப் பின்னினால் வேர் கெட்டு நாளடைவில் ஓரங்களில் வழுக்கை விழும். ஆறு மாதத்தில் முடி காதிலும் கண்ணிலும் விழுந்து, கட்டவும் முடியாமல் விடவும் முடியாமல் தொல்லை தரும். அப்போது ஒரு பட்டையோ கிளிப்போ போட்டுக்கொள்ளலாம். தோளுக்கு வந்தபின் தளர்வான பின்னலோ கொண்டையோ போதும். மோட்டார் ஓடுமிடத்தில் ஆணானாலும் பெண்ணானாலும் முடியை அள்ளி முடிந்தே தீர வேண்டும்.

கவனியாமல் விட்ட முடி திரிந்து சடையானால், "அம்மன் இறங்கிவிட்டாள், தொடாதே" என்கிறார்கள். மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் அப்படிச் சடை விழுந்த சிறுமிகளைத் தேவதாசியாகப் பொட்டுக்கட்டி விட்டார்கள். அழுக்கும் பேனும் சேர்ந்த சிக்குக்கு ஒரு பெண்ணின் வாழ்வே விலை! நரேந்திர தபோல்கர் 1989இல் தொடங்கிய மூடநம்பிக்கை ஒழிப்புச் சங்கத்தார் அத்தகைய பெண்களின் சடைகளை வெட்டி விடுவித்தார்கள். எந்த அம்மனும் கோபிக்கவில்லை. கோபித்தவர்கள் மனிதர்கள்தான், தபோல்கரை 2013இல் புனாவில் சுட்டுக் கொன்றார்கள்.

திருப்பதியில் பக்தர்கள் கொடுக்கும் முடி ஏலத்தில் போய், டோப்பாவாகி வெளிநாடு சேருகிறது. அது விக்கிரகத்திற்குக் காணிக்கையிட்ட முடியென்று 2004இல் ஜெருசலேம் யூத மதகுரு தடை சொல்ல, புரூக்ளின் தெருவில் டோப்பாக்களைக் கொளுத்தினார்கள். இங்கே புண்ணியம், அங்கே பாவம். இரண்டுக்கும் நடுவே முடி வெறும் முடியாகத்தான் இருந்தது!

வீட்டிற்கு வருவோம். படத்துச் சிவனின் ஜடையைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொள்கிற தகப்பனார், மகன் காது மறைய முடி விட்டால் "பரதேசி" என்று வைகிறார். பெண் பார்க்க வருகிறவர்கள், கூந்தல் அசலா சவுரியா என்று மாட்டுச் சந்தையில் பல் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள். பெண்கள் முடியைக் கத்தரித்துக்கொள்ளலாமென்று பெரியார் சொன்னது, வெட்டியே தீர வேண்டுமென்ற இன்னொரு சாஸ்திரமல்ல. அவள் நேரமும் அவள் தலையும் அவளுக்கே சொந்தம் என்பதற்காகவேயாகும். அந்த நியாயப்படி, வளர்க்க விரும்புகிற பெண்ணையோ ஆணையோ தடுக்கவும் எவருக்கும் பாத்தியதையில்லை.

வேண்டுதலுக்குத்தான் முடி வளர்ப்போம் என்பவர்களுக்கும் ஒன்று சொல்லுவோம். புற்றுநோய் மருந்தினால் தலைமுடியெல்லாம் உதிர்ந்தவர்களுக்கு டோப்பா தேவைப்படுகிறது. ஓரடி முடி வளர இரண்டு வருஷம் ஆகும். வளர்த்து, வெட்டி, அவர்களுக்குக் கொடுங்கள். உண்டியல் வாயை மூடிக்கொண்டிருக்கும். பெற்றுக்கொண்ட மனிதர் சிரிப்பார்.

நாம் சொன்னோமென்று எதையும் நம்ப வேண்டாம். வீட்டில் நூலும் அளவுகோலும் இருக்கின்றன. பூசை போட்ட தலையையும் போடாத தலையையும் மூன்று மாதம் அளந்து பாருங்கள். அளவு சொல்லுவதை நம்புங்கள்.