வேலை செய்யும் பொன்

(கல்விச் சங்க வெள்ளி விழாவில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



வெள்ளி விழாவில் பொன்னைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நம் வீடுகளில் பொன் என்றால் தாலியில் கோத்த குண்டுமணியளவுதான். அதுவும் பல நாள் அடகுக் கடையில் இருக்கும். நான் கூற வந்தது அந்தப் பொன்னை அன்று. வேலை செய்யும் பொன்னை. ‘அறிவியல் பிரிவு நமக்கு எட்டாது’ என்று மேல்நிலை வகுப்பில் ஒதுங்கிச் செல்லும் நம் பிள்ளைகள் இதனைச் சிறிது செவிமடுக்க வேண்டும்.

தான் செலவாகாமல் ஒரு வேதிவினையை விரைவுபடுத்தும் பொருளை வினையூக்கி என்கிறோம். உரத்திற்கான அம்மோனியாவை ஆக்குவதற்கு இரும்பு வினையூக்கியாகிறது. எண்ணெயை வனஸ்பதியாக்குவதற்கு நிக்கல் உதவுகிறது. பொன்னோ எதனோடும் எளிதில் சேராதது; மண்ணில் ஆயிரம் ஆண்டு கிடந்தாலும் மாறாதது. ஆதலின் வினையூக்கியாகப் பயன்படாத உலோகம் என்று வேதியியலார் அதனை நெடுங்காலம் ஒதுக்கியே வைத்திருந்தனர்.

அந்த எண்ணத்தை இருவர் மாற்றினர். ஜப்பானின் ஒசாகாவில் ஆய்வு செய்த மசாடாகே ஹருடா, இரும்பு ஆக்சைடு போன்றவற்றின்மீது மிக நுண்ணிய பொன் துகள்களைப் பதித்தார். அடைத்த அறையில் கரியடுப்பு மூட்டி உறங்குவோரைக் கொல்லும் கார்பன் மோனாக்சைடு வாயுவை அவை ஆக்சிஜனோடு சேர்த்துத் தீங்கு குறைந்த கார்பன் டைஆக்சைடாக மாற்றின. அதுவும் பூஜ்யத்திற்குக் கீழே 70 டிகிரி செல்சியஸ் குளிரில்! இதனை அவர் 1987இல் வெளியிட்டார்.

மற்றவர் பிரிட்டன் நாட்டு வேதியியலார் கிரஹாம் ஹட்சிங்ஸ். பி.வி.சி. குழாய்க்கான மூலப்பொருளை அசெட்டிலினிலிருந்து ஆக்கும் வினைக்குப் பொன்னே சிறந்த வினையூக்கியாகும் என்று 1985இல் அவர் கணித்துரைத்தார். அவ்வினைக்கு வழக்கமாகப் பயன்பட்டது பாதரச உப்பு. பாதரசம் எத்தகைய நஞ்சு என்பதை ஜப்பானின் மினமாட்டாவில் வாழ்ந்த மீனவர்கள் அறிவார்கள். வேறொரு வேதிப்பொருள் ஆலையின் கழிவாகக் கடலிற் கலந்த பாதரசம் மீன்வழி உடலேறி, அவர்தம் நரம்புகளை அழித்தது. 1956இல் அந்நோய் அடையாளம் காணப்பட்டது. இன்று, கரியின்மீது பதித்த பொன், சீனாவில் தொழிற்சாலை அளவிலேயே பாதரசத்தின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. ஆலை நஞ்சு முதலில் தீண்டுவது உழைப்பாளியையும் ஏழையையுமே. ஆதலால் இது வெறும் ஆய்வகச் செய்தி அன்று.

சோம்பிக் கிடந்த பொன்னுக்கு இவ்வாற்றல் எவ்வாறு வந்தது? முதற் காரணம் அளவு. ஒரு கிராம் பொன்னைக் கனசதுரக் கட்டியாக்கினால் அதன் மேற்பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டருக்கும் குறைவு. அதனையே 3 நானோமீட்டர் துகள்களாக்கினால் மேற்பரப்பு ஏறத்தாழ 100 சதுர மீட்டர். அதாவது இரண்டரை சென்ட் நிலம்! நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அத்தகைய துகளில் மூலையிலும் விளிம்பிலும் அமைந்த அணுக்களுக்கு அண்டை அணுக்கள் குறைவு. ஆதலின் வந்து சேரும் வாயு மூலக்கூற்றை அவை எளிதில் பற்றிக்கொள்கின்றன.

இரண்டாம் காரணம் தாங்கி. நுண்துகள்களைத் தனியே விட்டால், நீரில் மிதக்கும் எண்ணெய்த் துளிகள் போல ஒன்றோடொன்று கூடிப் பருத்துவிடும்; ஆற்றலும் போய்விடும். அவற்றைப் பிரித்து நிறுத்தும் தளமே தாங்கி. ஹருடாவின் வினையில், பொன்னும் தாங்கியும் சந்திக்கும் எல்லைக்கோடே முதன்மையான வினைக்களம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

இத்தாங்கி வரிசையில் புதிதாக வந்தவை இருபரிமாணப் பொருள்கள். பென்சிலில் உள்ள கிராஃபைட்டை ஒட்டுநாடாவால் உரித்து உரித்து, ஓர் அணு அளவே தடிப்புள்ள கிராஃபீன் என்னும் ஏட்டை மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே கெய்ம், கான்ஸ்டன்டின் நோவோசெலோவ் ஆகியோர் பிரித்தெடுத்து, 2004இல் உலகிற்கு அறிவித்தனர். 2010இல் நோபல் பரிசும் பெற்றனர். ஒரு கிராம் கிராஃபீனின் இருபுற மேற்பரப்பு, கணக்கின்படி, 2,630 சதுர மீட்டர். ஏறத்தாழ 65 சென்ட்! பொன் துகள்களை இடைவெளி விட்டு அமர்த்த எத்துணைப் பெரிய களம்!

இங்கே ஓர் உண்மையை உற்றுநோக்குங்கள். குறையே இல்லாத கிராஃபீன் ஏட்டில் பொன் உறுதியாக ஒட்டுவதில்லை. வழுக்கிச் சென்று கூடிவிடுகிறது. அணு விடுபட்ட ஓட்டைகளும் ஆக்சிஜன் தொகுதிகளுமே அதனைப் பற்றி நிறுத்துகின்றன. ஆகவேதான் அத்தொகுதிகள் மிகுந்த கிராஃபீன் ஆக்சைடை ஆய்வாளர் விரும்பி எடுக்கின்றனர். அதனைப் பொன் உப்புக் கரைசலில் இட்டு ஒடுக்கவினை நிகழ்த்தினால், பொன் துகள்கள் ஏட்டின்மீதே உருவாகி அமர்கின்றன.

அதன் திறனை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. நைட்ரோபீனால் என்னும் நச்சுப் பொருளோடு சோடியம் போரோஹைட்ரைடைச் சேர்த்தால், கரைசலின் மஞ்சள் நிறம் நெடுநேரம் மாறாது. பொன் வினையூக்கியைச் சிறிது இட்டால் அந்நிறம் மங்கி மறையும். விளைவது அமினோபீனால், பாராசிட்டமால் மாத்திரைக்கு மூலப்பொருளாகும் சேர்மம் அது.

இவையெல்லாம் முற்றுப்பெற்ற வெற்றிகள் அல்ல. ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிப் பரப்பை இழக்கின்றன. பொன்னின் விலையோ பெரிது. கிராஃபீன் தாங்கிய பொன் இன்னும் பெரும்பாலும் ஆய்வகத்திலேயே இருக்கிறது. அதனால் என்ன? எஞ்சிய வேலை உங்களுக்காகக் காத்திருக்கிறது என்பதே அதன் பொருள்.

நுண்ணிய பொன் துகள் கலந்த செந்நிற நீரை 1857இல் ஆராய்ந்து விளக்கியவர் மைக்கேல் ஃபாரடே. அவர் கொல்லர் மகன்; பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. புத்தகம் கட்டும் கடையில் பழகுநராக இருந்தபோது, கட்ட வந்த நூல்களைப் படித்தே அறிவியலுள் நுழைந்தார். இதனை மறவாதீர்கள்.

பொன்னில் ஆற்றல் இல்லாமற் போகவில்லை. அதனை வெளிக்கொணரும் தாங்கிதான் வாய்க்காதிருந்தது. இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளுக்குத் தாங்கியாக நிற்கும் இச்சங்கம் மேலும் ஓங்குக! மாணவர்களே, வேதியியலைத் துணிந்து எடுத்துப் படியுங்கள்.