அந்நிய நகரில் முதல் நாட்கள்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



நம்மூரில் ஒருவர் பிறநாடு புறப்படும் நாளில் வீடு நிறையச் சனம் கூடுகின்றது. பெரியோர் திருநீறு பூசி ஆசி கூறுகின்றனர். அன்னையார் பலகாரமும் மிளகாய்த்தூளும் பொதி செய்து வைக்கின்றார். ஆனால் போய் இறங்கிய பின் முதற் கிழமையை அவர் எவ்வாறு கழிப்பார் என்பதைப் பற்றி மாத்திரம் ஒருவரும் வாய் திறப்பதில்லை. அதைக் குறித்துச் சில வார்த்தைகள் கூறவே இன்று உங்கள் முன் வந்து நிற்கின்றோம்.

1888ஆம் ஆண்டு செப்டெம்பர் 4ஆம் திகதி பம்பாயிலிருந்து ஓர் இளைஞர் சட்டம் படிக்கக் கப்பலேறினார். வயது பதினெட்டு. பிற்காலத்தில், 1927 நவம்பரில், யாழ்ப்பாணத்துக்கு வந்து நம் முன்னோர் சிலர் நேரிற் கண்ட காந்தியடிகளே அவர். கரையிறங்கும் நாளுக்கென்று அவர் வெள்ளைக் கம்பளி உடுப்பைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். இறங்கிப் பார்த்தால் வெள்ளை உடுத்தவர் அவர் ஒருவரே! பெட்டிகளோ முகவர் கையில். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பெட்டி வராது, உடுப்பு மாற்றவும் வழியில்லை.

அன்று மாலை டாக்டர் மேத்தா என்பவர் விடுதிக்கு வந்து கண்டார். அவருடைய பட்டுத் தொப்பியை நம் இளைஞர் ஆவலோடு கையிலெடுத்துத் தடவ, அதன் மென்மயிர் குலைந்துவிட்டது. மேத்தாவின் பார்வையிற் சினம் தோன்றிற்று. ஆனால் அவர் அத்தோடு விடவில்லை. பிறர் பொருளைத் தொடாதே, முதற் சந்திப்பிலேயே கேள்விமேற் கேள்வி கேளாதே, உரக்கப் பேசாதே என்று அந்நாட்டு வழக்கங்களை ஒவ்வொன்றாய்ச் சொல்லிக் கொடுத்தார். விடுதியில் இருந்தால் பணம் கரையும் என்றும் எச்சரித்தார்.

இரவிலே தாயின் நினைவு வரும், கண்ணீர் பெருகும். புலால் உண்பதில்லையென்று தாய்க்குக் கொடுத்த வாக்கோ காவலாய் நின்றது. உப்பும் உறைப்புமற்ற அவியல் மரக்கறி தொண்டையில் இறங்கவில்லை. இருந்த வீட்டில் இரண்டு மூன்று துண்டுப் பாண் தருவார்கள். இன்னும் வேண்டுமென்று கேட்க வெட்கம். பசியோடு நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் நடப்பார். மரக்கறிச் சாப்பாட்டுக்கடைகள் நகரில் உண்டென்று வீட்டுக்கார அம்மையார் சொல்லியிருந்தார். அச் சொல்லைப் பற்றிக்கொண்டு தேடித்தேடி ஒருநாள் பரிங்டன் வீதியில் ஒன்றைக் கண்டுபிடித்தார். வாயிலில் விற்பனைக்கு வைத்திருந்த ஹென்றி சோல்ற் எழுதிய நூலை ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கிக்கொண்டு உள்ளே போனார். இங்கிலாந்து மண்ணை மிதித்தபின் வயிறார உண்டது அன்றுதான் என்று தம் சுயசரிதையில் எழுதுகின்றார். அப்பசி அவரை மனிதரிடம் கொண்டு சேர்த்தது. பின்னர் தாம் வசித்த பகுதியில் மரக்கறி உணவாளர் கழகமொன்றைத் தொடங்கி, அதன் செயலாளராகவும் இருந்தார்.

இன்னொருவர் கதையையும் கேளுங்கள். 1914 ஏப்பிரலில் சென்னையிலிருந்து இங்கிலாந்து சேர்ந்தவர் கணித மேதை சீனிவாச இராமானுஜன். கேம்பிறிட்ஜில் தம் அறையிலே தாமே சமைத்து உண்டு வந்தார். குளிர்காலம் நெருங்கியபோது, அங்கு படித்துக்கொண்டிருந்த மகாலநோபிஸ் என்ற வங்காள மாணவர், இரவில் குளிர் இல்லையா என்று விசாரித்தார். மேற்சட்டையோடு சால்வையைப் போர்த்துப் படுத்தும் குளிர்கிறது என்றார் இராமானுஜன். அவர் படுக்கையறைக்குப் போய்ப் பார்த்தால், கட்டிலிலே கம்பளிகள் பல இருக்கின்றன! விளிம்புகளை மெத்தைக்குக் கீழே இறுகச் செருகி, மேலே விரிப்பால் மூடியிருந்தார்கள். அவற்றை விலக்கி உள்ளே புகுந்து படுக்கவேண்டுமென்பது அவருக்குத் தெரியாது. கணிதத்தின் ஆழங்களைக் கண்ட மேதைக்குக் கட்டிலில் இருந்த கம்பளி தெரியவில்லை. சொல்ல ஆளில்லை, கேட்கவும் அவர் துணியவில்லை.

நண்பர்களே, இதைப் படித்தபோது நமக்குச் சிரிப்பு வரவில்லை. நாம் மிஷன் பாடசாலையில் ஆங்கிலம் பிழையறப் பேசப் பழகியவர்கள். ஆனாலும் பேராதனைக்கு வந்த முதல் வாரத்தில், சாப்பாட்டுச்சாலைக்கு வழி கேட்க வெட்கப்பட்டு, இரண்டு வேளை விசுக்கோத்தும் தண்ணீருமாய்க் கிடந்தவர்கள் நாம். சொந்த நாட்டிலேயே, மொழி தெரிந்தும் இந்தக் கதி! 'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்று நம் பாட்டிமார் சொன்னது வீண் வார்த்தையன்று. மொழியைக் கற்பித்த பாடசாலை, தெரியாதென்று சொல்லும் துணிவை நமக்குக் கற்பிக்கவில்லை.

இன்று கைத்தொலைபேசி வழி காட்டும்; கடையும் காட்டும். ஆனால் இராமானுஜனுக்கு வேண்டியிருந்தது வழி அன்று, 'குளிர்கிறதா?' என்று கேட்க ஒரு வாய். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இந்த இரவு எத்தனை பிள்ளைகள் அடைத்த அறைக்குள் இருந்துகொண்டு, வீட்டுக்குத் தொலைபேசியில் 'சுகமாய் இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்களோ, நாம் அறியோம்.

ஆகையால் புறப்படுவோருக்கு ஒரு சொல்: தொப்பியைத் தடவிப் பிழைவிட்டாலும் கவலையில்லை, கேளாமல் குளிரில் கிடவாதீர்கள். இங்கே இருப்போருக்கும் ஒரு சொல்: நம் சங்கத்திலிருந்து சென்றவர்களின் விலாசங்களைத் திரட்டி, புதிதாய்ப் போகின்றவர் கையிற் கொடுப்போம். நம்மூருக்கு ஒரு புதியவர் வந்தால், அவர் ஆசிரியராயினும் கூலியாளாயினும் எம்மொழியினராயினும், முதல் நாளே கதவைத் தட்டிச் சாப்பிட்டாயிற்றா என்று கேட்போம். பெருந்தொண்டுகள் செய்யப் பணம் வேண்டும். இதற்கு வேண்டியது அடுத்த வீடுவரை நடப்பது மட்டுமே.