உயரும் விகிதமும் குறையும் பெண் குழந்தைகளும்

(பொருளியல் மாணவர்களுக்கும் மாவட்ட அலுவலர்களுக்கும் நடந்த பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)

இந்திய மக்கள் தொகைக் கணக்கில், ஆயிரம் ஆண்களுக்கு எத்தனை பெண்கள் என்னும் விகிதம் ஒவ்வொரு முறையும் கணக்கிடப்படுகிறது. 1901-ல் அது 972. அதன்பின் பெரும்பாலும் இறங்குமுகமாகவே இருந்து, 1991-ல் 927 என்னும் மிகத் தாழ்ந்த நிலையை அடைந்தது. 2001-ல் 933, 2011-ல் 943. ஆகவே இருபது ஆண்டுகளில் நிலைமை சீர்பட்டு வருகிறது என்று முடிவு கட்டத் தோன்றும். பலர் அவ்வாறே முடிவு கட்டவும் செய்தனர்.

ஆனால் அதே கணக்கில் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கெனத் தனியே ஒரு பத்தி உண்டு. அதில் 1991-ல் 945, 2001-ல் 927, 2011-ல் 918 என்று காண்கிறது. மொத்த விகிதம் ஏறிய அதே இருபது ஆண்டுகளில் குழந்தைகளின் விகிதம் இறங்கியிருக்கிறது.

இது கணக்கில் நேர்ந்த பிழையன்று. பெண்களின் ஆயுள் நீண்டிருக்கிறது. மகப்பேற்றில் தாய்மார் இறப்பதும் பெரிதும் குறைந்துள்ளது: 2004-06-ல் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 254 தாய்மார் இறந்தனர், 2018-20-ல் அது 97 ஆயிற்று. மருத்துவ வசதியின் பயனாக மூத்த பெண்கள் கூடுதலாக உயிர் வாழ்கின்றனர். அவர்களுடைய எண்ணிக்கை, பிறவாமற்போன சிறுமியரின் குறையை மொத்தத் தொகையில் மூடி மறைத்துவிடுகிறது. முன்னது பாராட்டுக்குரிய சாதனை. ஆயினும் பாட்டியின் ஆயுளைப் பேத்தியின் கணக்கில் வரவு வைக்க முடியாது.

குழந்தைகளின் பத்தி இதற்கென வகுக்கப்பட்டதன்று என்பது சுவையான செய்தி. எழுத்தறிவு ஏழு வயதுக்கு மேற்பட்டோரிடையேதான் கணக்கிடப்படுகிறது; ஆகையால் அதற்கு உட்பட்ட குழந்தைகள் தனியே பிரித்துக் காட்டப்பட்டனர். அப்படி ஒதுக்கி வைத்த எண்கள்தாம் பின்னர் நாட்டின் மிகக் கவலைக்குரிய செய்தியைச் சொல்லத் தொடங்கின. 1961-ல் 976 ஆக இருந்த இவ்விகிதம் 1971-ல் 964, 1981-ல் 962. இயற்கையில் நூறு பெண் குழந்தைகளுக்குச் சுமார் 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. அதாவது ஆயிரம் ஆண்களுக்கு ஏறத்தாழ 950 பெண்கள். சிசுப் பருவத்தில் ஆண் குழந்தைகளே உடல்வலுவில் சற்றுப் பின்தங்கியவர்கள் என்பதால், வயது ஏற ஏற இவ்விகிதம் பெண்களுக்குச் சாதகமாக உயர வேண்டும். ஆகவே 950-க்குக் கீழே வெகுவாக இறங்கும் எந்த எண்ணுக்கும் இயற்கையைக் காரணம் காட்ட இயலாது.

காரணம் மருத்துவச் சாதனம் வடிவில் வந்தது. எழுபதுகளில் பனிக்குட நீர்ச் சோதனையும், எண்பதுகளில் அல்ட்ராசவுண்டுக் கருவியும் இந்நாட்டில் பரவின. கருவின் குறைபாடுகளைக் கண்டறிய வந்தவை, கருவின் பாலினத்தைக் கண்டறியப் பயன்பட்டன. மகாராஷ்டிரம் 1988-ல் இதற்கெதிராகச் சட்டம் இயற்றியது. மத்தியச் சட்டம் 1994-ல் நிறைவேறி 1996-ல் நடைமுறைக்கு வந்தது. சட்டம் ஏட்டில் உறங்குகிறது என்று உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டு, 2001-ல் நீதிமன்றம் ஆணைகள் பிறப்பித்த பிறகே மாநிலங்கள் சற்று விழித்துக்கொண்டன. 2003-ல் சட்டம் திருத்தப்பட்டது.

பொருளியல் மாணவர் இங்கே நின்று சிந்திக்க வேண்டும். வருமானமும் கல்வியும் பெருகினால் இத்தகைய தீமைகள் தாமே அகலும் என்பது வளர்ச்சி நூல்கள் பலவற்றின் எதிர்பார்ப்பு. 2001-ன் அட்டவணை அதற்கு நேர்மாறாகப் பேசுகிறது. பாசனமும் பசுமைப் புரட்சியும் செழிப்பூட்டிய பஞ்சாபில் ஆயிரம் சிறுவர்களுக்கு 798 சிறுமியர், ஹரியானாவில் 819. நாடு முழுவதையும் நோக்கினால் கிராமங்களில் 934, நகரங்களில் 906. அதாவது மருத்துவமனையும் கல்லூரியும் அருகிலுள்ள இடத்தில்தான் குறை மிகுதி. 2011-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வொன்று இதை இன்னும் துலக்கியது. முதற்குழந்தை பெண்ணாக இருந்த குடும்பங்களில், இரண்டாவது பிறப்பில் பெண் விகிதம் 1990-ல் 906, 2005-ல் 836. முதற்குழந்தை ஆணாக இருந்தால் அத்தகைய சரிவு இல்லை. பத்தாண்டும் அதற்கு மேலும் பள்ளிக் கல்வி பெற்ற தாய்மாரிடத்திலும், வசதி மிக்க குடும்பங்களிலும் சரிவு அதிகம்.

இதன் உட்பொருள் என்ன? ஐந்தாறு குழந்தைகள் பெற்ற காலத்தில் ஒரு மகனாவது தாமே பிறந்துவிடுவான் என்று குடும்பத்தார் காத்திருந்தனர். ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் குழந்தைகள் 2019-21-ல் 2.0 ஆகக் குறைந்தன. குடும்பம் சுருங்கியது; மகன் வேண்டும் என்ற விருப்பம் அதே வேகத்தில் சுருங்கவில்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட இடைவெளியைக் கருவி நிரப்பியது. குடும்ப நலத் திட்டத்தின் வெற்றியே இந்நோயின் ஒரு வாயிலாக அமைந்தது என்று சொல்வது கசப்பானது; ஆயினும் சொல்லாமல் விடுவதற்கில்லை. வரதட்சணைச் சுமையும், முதுமையில் மகனே துணை என்ற நம்பிக்கையும், நிலம் ஆண் வழியே செல்லும் வழக்கமும் அவ்விருப்பத்துக்கு வேராகும். சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை தரும் திருத்தம் தமிழ்நாட்டில் 1989-லும் நாடு முழுவதற்கும் 2005-லும் வந்தது. ஆனால் பத்திரப் பதிவு அலுவலகத்தில் மகள் ‘விடுதலை’ எழுதிக் கொடுப்பது இன்றும் சர்வ சாதாரணம்.

எண்ணிக்கையின் அளவையும் உணர வேண்டும். 2011-ல் ஆறு வயது வரை 8.57 கோடி ஆண் குழந்தைகளும் 7.87 கோடி பெண் குழந்தைகளும் இருந்தனர். விகிதம் 950 ஆக இருந்திருந்தால் இன்னும் சுமார் 27 லட்சம் சிறுமியர் இருந்திருப்பர். பிறந்த பெண்ணுக்கும் பாதுகாப்பு நிறைவாக இல்லை. 2020-ல் ஐந்து வயதுக்குள் இறப்பு, ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 31, பெண் குழந்தைகளுக்கு 33. இடைவெளி சிறிதே என்று தோன்றும். இயற்கையில் இது எதிர்ப்புறமாக இருக்க வேண்டிய இடைவெளி. காய்ச்சல் கண்டதும் மகனை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்பவர், மகளுக்கு நாளை பார்க்கலாம் என்று இருந்துவிடுவதன் தடயம் அந்த இரண்டில் இருக்கிறது. சிறுவர்கள் வளர்ந்த பின் வரும் விளைவு வேறு. ஹரியானாவின் கிராமங்களுக்கு அஸ்ஸாம், மேற்கு வங்கம், பீகார், ஒடிசா போன்ற தொலைதூர மாநிலங்களிலிருந்து பணம் கொடுத்து மணப்பெண்கள் கொண்டுவரப்படுகின்றனர். மொழி தெரியாத ஊரில், விலைக்கு வந்தவள் என்ற பெயருடன் அப்பெண்கள் வாழ நேர்கிறது. பெண்கள் அருகினால் அவர்களுடைய மதிப்பு உயரும் என்று கணித்தவர்களுக்கு இது போதிய விடை.

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று, 2019-21-ல் ஆயிரம் ஆண்களுக்கு 1020 பெண்கள் என்று அறிவித்தபோது, இந்தியாவில் பெண்கள் ஆண்களை விஞ்சிவிட்டனர் என்று தலைப்புச் செய்திகள் வந்தன. அது சுமார் 6.37 லட்சம் குடும்பங்களில் நடந்த மாதிரி ஆய்வு. முந்தைய இரவு அவ்வீட்டில் தங்கியவர்களே எண்ணப்பட்டனர். வேலை தேடி வெளியூர் சென்று தொழிலாளர் குடிசைகளில் தங்கியவரும், விடுதியிலும் படைமுகாமிலும் இருப்பவரும் அதில் அடங்கார்; அவர்களுள் பெரும்பாலோர் ஆண்கள். அதே ஆய்வு, அதற்கு முந்தைய ஐந்தாண்டுப் பிறப்புகளில் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 929 பெண் குழந்தைகள் என்றும் கூறியது. அது தலைப்பில் ஏறவில்லை. மாதிரிப் பதிவு முறையின்படி 2018-20-ல் பிறப்பு விகிதம் 907. கேரளத்தில் 974, உத்தராகண்டில் 844. முந்தைய ஆண்டுகளைவிட இது சற்று ஏற்றமே. எனினும் 950-க்கு இன்னும் தொலைவு உண்டு.

மாநில வாரியாக நோக்கினால் முன்னேற்றமும் பின்னேற்றமும் கலந்தே உள்ளன. 2011-ல் பஞ்சாப் 846-க்கும் ஹரியானா 834-க்கும் உயர்ந்தன. மகாராஷ்டிரம் 913-லிருந்து 894-க்கும், ஜம்மு காஷ்மீர் 941-லிருந்து 862-க்கும் வீழ்ந்தன. நகரங்களில் விகிதம் 905-ல் நின்றுவிட, கிராமங்களில் 934-லிருந்து 923-க்கு இறங்கியது. கருவி கிராமச் சாலையில் பயணம் செய்யத் தொடங்கிவிட்டது எனலாம். தமிழ்நாட்டில் சிக்கல் முதலில் வேறு வடிவில் தோன்றியது. சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் தொடங்கப்பட்டது. மாநில விகிதம் 2001-ல் 942, 2011-ல் 943.

தென் கொரியாவின் அனுபவம் இங்கு ஒப்பு நோக்கத்தக்கது. 1990-ல் அங்கே நூறு பெண் குழந்தைகளுக்கு 116 ஆண் குழந்தைகளுக்கு மேல் பிறந்தன. 2007 அளவில் விகிதம் இயல்பை அடுத்த நிலைக்குத் திரும்பிவிட்டது. பாலினம் அறிவிப்பதற்கு 1987 முதல் தடை இருந்தும், உச்ச நிலை அதன் பின்னரே வந்தது. தடைச்சட்டம் மட்டும் போதவில்லை என்பது தெளிவு. நகர்மயம், பெண்களின் ஊதியம், ஆண் தலைமையை வலியுறுத்திய குடும்பப் பதிவு முறை ஒழிந்தது ஆகியவை சேர்ந்தே மாற்றத்தைக் கொணர்ந்தன.

மாவட்ட அலுவலரின் கையிலும் கருவி உண்டு. ஸ்கேன் மையம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் படிவம் ‘எஃப்’ நிரப்ப வேண்டும். அப்படிவங்கள் கட்டுக் கட்டாக அலுவலகத்தில் சேர்கின்றன. அவற்றைப் பிறப்புப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, முதற்குழந்தை பெண்ணாக உள்ள வீட்டில் அடுத்த பிறப்பு என்னவாயிற்று என்று பார்ப்பவர் சிலரே. மாதந்தோறும் வட்டார வாரியாகப் பிறப்பு விகிதத்தை எழுதி வைப்பதற்குப் புதிய ஆணை எதுவும் தேவையில்லை. சிற்றூரின் ஒரு மாதக் கணக்கு தற்செயலாக ஏறியிறங்கும் என்பதை மட்டும் நினைவிற்கொண்டு, ஓராண்டு, ஈராண்டுத் தொகையாகக் கூட்டிப் பார்க்க வேண்டும். 2015-ல் பானிப்பட்டில் தொடங்கிய, பெண் குழந்தையைக் காத்துக் கல்வி புகட்டும் தேசியத் திட்டத்தின் பயனையும் சுவரொட்டிகளின் எண்ணிக்கையால் அல்ல, இந்தப் பதிவேட்டால்தான் அளக்க முடியும்.

2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாப் பெருந்தொற்றால் தள்ளிப்போயிற்று. 2027 மார்ச் 1-ஐ ஆதாரத் தேதியாகக் கொண்டு அது நடைபெறும் என்று 2025 ஜூனில் அறிவிக்கப்பட்டது. பனி மூடிய பகுதிகளுக்கு 2026 அக்டோபர் 1. அவ்வட்டவணையில் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளின் பத்தியில் இடம்பெறுவோர், பெரும்பாலான மாநிலங்களில் 2020 மார்ச்சுக்குப் பின் பிறந்தவர்கள். அந்த ஆண்டுகளுக்குரிய பிறப்புப் பதிவேடுகள் மாவட்ட அலுவலகங்களில் இப்போதே இருக்கின்றன.