கடற்கரையில் விட்டு வந்த கதை



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் தெலுக் இந்தான் சுற்று வட்டாரத்தில், தோட்டத்து வீடுகளிலும் தோட்டத்தை விட்டு வந்தவர்கள் குடியிருக்கும் தாமான்களிலும் ஒரே பேச்சுத்தான். "இந்தத் தடவை எங்கே போகலாம்?" என்று பெரியவர்கள் கேட்டு முடிப்பதற்குள், "பங்கோர்!" என்று பிள்ளைகள் கத்திவிடுவார்கள். ஆளுக்கு இத்தனை வெள்ளி என்று கணக்குப் போட்டுப் பேருந்தை அமர்த்திக்கொள்வோம். விடியற்காலையிலேயே புளிச்சோறும் நெத்திலிச் சம்பலும் கட்டிக்கொள்வோம். பேராக் ஆற்றைக் கடந்து, சித்தியவான் வழியாக லுமுட் துறைக்குப் போய்ச் சேர்ந்தால், அங்கிருந்து படகு.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்களும் அப்படித்தான் போனோம். பாசீர் போகாக் கடற்கரையில் நண்பகல்வரை குளித்தோம். மாலையில் தெலுக் நீப்பாவில் இருவாசிப் பறவைகளைப் பார்த்தோம். காய்ந்த நெத்திலி வாங்கினோம். கடைசிப் படகைப் பிடித்துத் திரும்பினோம். எல்லாருக்கும் மகிழ்ச்சி.

பள்ளி திறந்த பிறகு, ஆசிரியர் பிள்ளைகளைச் சுற்றுலா பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னாராம். எங்கள் கூட்டத்துப் பையன் ஒருவன் மூன்று வரிகளோடு நிறுத்திவிட்டான். "பங்கோருக்குப் போனோம். மணல் வெள்ளையாக இருந்தது. தண்ணீர் உப்பாக இருந்தது." அவ்வளவுதான்.

பையன் மேல் குற்றமில்லை. நாங்கள் அவனுக்குக் காட்டியதே அவ்வளவுதான். பங்கோரில் வேறு என்ன இருக்கிறது என்று அவன் எங்களைத் திருப்பிக் கேட்டிருந்தால், எங்களில் பலருக்கு விடை தெரிந்திராது. அதன் பிறகுதான் நாங்கள் தேடிப் படிக்கத் தொடங்கினோம். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தப் பேச்சு.

பங்கோர்த் தீவில் தெலுக் கெடுங் என்று ஓர் இடம் உண்டு. அங்கே கூரையில்லாத ஒரு பழைய செங்கல் கட்டடம் நிற்கிறது. டச்சுக்காரர்கள் 1670-ஆம் ஆண்டில் அமைத்த கோட்டை அது. பேராக்கின் வெள்ளீய வாணிகத்தைத் தங்கள் கைக்குள் வைத்துக்கொள்ளவே அதைக் கட்டினார்கள். 1690-இல் உள்ளூர் மக்கள் அதைத் தாக்கினார்கள். 1743-இல் டச்சுப் படை திரும்பி வந்தது. ஐந்தே ஆண்டுகளில் அதுவும் போய்விட்டது. பிறகு நெடுங்காலம் காடு மூடிக் கிடந்த அந்தக் கோட்டையை, 1973-இல் அரும்பொருளகத்தார் செப்பனிட்டார்கள். அருகிலேயே ஒரு பெரும்பாறை இருக்கிறது. டச்சு வாணிகக் கழகத்தின் முத்திரை எழுத்துகளை அந்தப் பாறையில் இன்றும் காணலாம்.

தெலுக் என்றால் விரிகுடா. கெடுங் என்றால் கட்டடம், பண்டகசாலை. இந்தக் கெடுங் என்ற மலாய்ச் சொல், கிடங்கு என்ற நம் சொல்லோடு உறவுடையது என்று மொழி ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். நாம் ஒருநாள் குளித்துவிட்டு வரும் தீவில், ஊர்ப் பெயருக்குள்ளேயே நமக்குப் பழக்கமான ஒரு சொல் ஒளிந்திருக்கலாம் என்பது வியப்பல்லவா?

இதைவிட நமக்கு நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. 1874-ஆம் ஆண்டு ஜனவரி 20-ஆம் நாள், பங்கோர்த் தீவின் அருகே புளூட்டோ என்ற நீராவிக் கப்பலில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதுதான் பங்கோர் ஒப்பந்தம். அப்போது பேராக்கில் அரசுரிமைப் போட்டி. லாருட் ஈயச் சுரங்கங்களில் சீனர் குழுக்களிடையே ஓயாத சண்டை. இவற்றைத் தீர்த்து வைப்பதாகச் சொல்லி வந்தவர் ஆளுநர் சர் ஆண்ட்ரூ கிளார்க். ராஜா அப்துல்லாவைச் சுல்தானாக ஏற்றுக்கொண்டார்கள். அதற்கு ஈடாக, மலாய்க்காரர்களின் சமயமும் வழக்கமும் தவிர மற்ற எல்லாவற்றிலும், ரெசிடெண்ட் என்னும் ஆங்கிலேய அதிகாரியின் ஆலோசனைப்படியே சுல்தான் நடக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டார்கள். பெயர்தான் ஆலோசனை, உண்மையில் அது ஆட்சி.

முதல் ரெசிடெண்டாக வந்தவர் பர்ச். 1875 நவம்பர் 2-இல், பேராக் ஆற்றங்கரையில் உள்ள பாசீர் சாலாக்கில் அவர் கொல்லப்பட்டார். பாசீர் சாலாக் தெலுக் இந்தானுக்கு அப்பால் வெகு தொலைவில் உள்ள ஊர் அன்று. நம் ஆற்றின் மேற்போக்கில்தான் இருக்கிறது. அதன் பொருட்டு மகாராஜா லேலா 1877-இல் தூக்கிலிடப்பட்டார். ஒப்பந்தத்தால் அரியணை ஏறிய சுல்தான் அப்துல்லாவோ சேஷெல்ஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

அதே 1877-இல் இன்னொரு சிறு நிகழ்ச்சி. பேராக்கின் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோவின் கோலகங்சார் தோட்டத்தில், சில இளங்கன்றுகள் நடப்பட்டன. அவை ரப்பர்க் கன்றுகள்.

நேயர்களே, இந்தச் சங்கிலியைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பங்கோர்க் கடலில் ஒரு கையெழுத்து. அதன் வழியே வந்த ஆங்கிலேய ஆட்சி. அந்த ஆட்சியின் நிழலில் ரப்பர்த் தோட்டம். தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்றதும் கங்காணி, கப்பல், பெரட்டு, லயம். அந்த லயத்தில்தான் நம்மில் பலருடைய பாட்டனும் பாட்டியும் வாழ்ந்தார்கள். பங்கோருக்கு முன்பே வெல்லஸ்லி மாநிலத்துக் கரும்புத் தோட்டங்களில் தமிழர் உழைத்தது உண்மைதான். ஆனாலும் பேராக்கின் காடுகள் தோட்டங்களாக மாறுவதற்குக் கதவு திறந்தது அந்தக் கப்பலில்தான். அந்தக் கடலைப் பார்த்தபடிதான் நாங்கள் புளிச்சோறு சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

இந்தக் குறை நமக்கு மட்டும் உரியதன்று. உலகத்தார் விரும்பிப் போகும் கிரேக்கத் தீவுகளைப் பாருங்கள். ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் வாழும் அந்த நாட்டுக்கு, இப்போது ஆண்டொன்றுக்கு மூன்று கோடிக்கு மேற்பட்ட உல்லாசப் பயணிகள் வருகிறார்கள். அங்கே மிக்கோனோஸ் என்ற தீவின் கடற்கரைகளில் கோடைக்காலத்தில் சாய்வு நாற்காலிகள் வரிசை வரிசையாக நிற்கும். அதற்கு எதிரே, படகில் சிறிது நேரத்தில் போய்விடக் கூடிய தொலைவில், டெலோஸ் என்ற சிறு தீவு இருக்கிறது. கிரேக்கர்களின் அப்பல்லோ தெய்வம் பிறந்த இடமாகப் போற்றப்பட்ட புண்ணியத் தீவு அது. பின்னாளில் பெரிய வாணிகத் துறையாக விளங்கியது. ஒரே நாளில் பதினாயிரம் அடிமைகளை இறக்கி விற்று அனுப்பக் கூடிய சந்தை அங்கே இருந்ததாகப் பண்டைய அறிஞர் ஸ்டிராபோ எழுதியிருக்கிறார். 1990-இல் டெலோஸ் உலக மரபுச் சின்னமாயிற்று. ஆனால் எதிர்க்கரை மணலில் வெயில் காய்ந்துவிட்டு, டெலோஸ் பக்கம் திரும்பாமலே ஊருக்குப் போகிறவர்கள் பலர். அவர்களுக்கும் அந்தப் பையனைப் போல மணலும் தண்ணீரும்தான் மிச்சம்.

ஏன் இப்படி ஆகிறது? வருகிறவர்களுக்கு ஒரு நாள்தான் பொழுது. அந்த ஒரு நாளில் குளிக்க வேண்டும், உண்ண வேண்டும், பொருள் வாங்க வேண்டும். கேட்பதைத்தான் கடைக்காரர் விற்பார். வரலாற்றை யாரும் விலைக்குக் கேட்பதில்லை. சிறிது சிறிதாக, ஊரின் பெயர் விடுதியின் பெயராகிவிடுகிறது. ஊருக்குள் இருக்கும் இளைஞர்களும் வருகிறவர்கள் கேட்பதை மட்டுமே தெரிந்துகொள்கிறார்கள். எவரும் வேண்டுமென்று வரலாற்றை அழிப்பதில்லை. கேட்பார் இல்லாததால் அது தானே மங்கிவிடுகிறது.

உல்லாசப் பயணமே கூடாது என்று நாம் சொல்லவில்லை. பங்கோரில் இளஞ்சிவப்பு வேன் ஓட்டுகிறவருக்கும், படகுக்காரருக்கும், கருவாட்டுக் கடைப் பெண்ணுக்கும் பயணிகள் வந்தால்தான் அடுப்பு எரியும். 2020 ஜனவரி முதல் அது தீர்வையில்லாத் தீவு. மிட்டாயும் சாமான்களும் வாங்கவும் மக்கள் போகிறார்கள். போகட்டும். உடம்பு நோக உழைக்கும் நம்மவருக்கு ஆண்டில் ஒருநாள் கடற்காற்று வேண்டாமா? மாசி மகத்தன்று அங்குள்ள பத்திரகாளியம்மன் கோயிலுக்கு நம்மவர் திரளாகப் போகிறோம். அந்தக் கடற்கரையை நாம் முற்றும் மறந்துவிடவில்லை என்பதற்கு அதுவே சான்று. ஆண்டுதோறும் தெய்வத்தை நினைத்துக் கடலுக்குப் போகிறவர்கள், முன்னோரையும் நினைத்துப் போகலாமே என்பதுதான் நம் வேண்டுகோள்.

அந்தப் பயணத்தில் எங்களோடு ஒரு பாட்டி வந்திருந்தார். சிறு பிள்ளையாகத் தாயின் கைபிடித்துக் கப்பலில் வந்தவர். எங்கள் பைகளுக்குக் காவலாக மரநிழலில் உட்கார வைத்துவிட்டு, நாங்கள் குளிக்கப் போய்விட்டோம். படகில் வரும்போது அவர் கடலைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். "எங்களையும் இப்படித்தான் மொதல்ல ஒரு தீவுல எறக்கினாங்க. வரிசையா நிக்க வச்சாங்க. ஒரே மருந்து நெடி." "எந்தத் தீவு பாட்டி?" என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பிள்ளைகள் மீனைக் காட்டிக் கூச்சலிட்டார்கள். நாங்களும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டோம்.

பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவில் நோய்த் தடுப்பு முகாம் இருந்தது என்றும், கப்பலில் வந்த தமிழ்த் தொழிலாளர்கள் அங்கே தனித்து வைக்கப்பட்டார்கள் என்றும் பிறகுதான் படித்தோம். அதே தீவில் பிற்காலத்தில் உல்லாச விடுதியும் நடந்தது. பாட்டி சொன்னது அந்தத் தீவைத்தானா என்று கேட்டு அறிந்துகொள்ள இப்போது வழியில்லை. அவர் காலமாகிவிட்டார். கோட்டை இடிந்தால் செங்கல்லாவது மிஞ்சும். பாட்டியோடு போன கதையை எங்கே தேடுவது?

ஆகையால், நேயர்களே, அடுத்த விடுமுறைக்குச் சில சிறு காரியங்களைச் செய்து பார்ப்போம். பயணத்துக்கு முந்திய இரவு, வீட்டிலுள்ள பெரியவரைப் பிள்ளைகள் நடுவில் உட்கார வைப்போம். எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தத் துறையில் இறங்கினார்கள், முதலில் எந்தத் தோட்டத்தில் பேர் பதிந்தார்கள், கூட வந்தவர்கள் யார் என்று கேட்போம். படிக்கத் தெரிந்த பிள்ளை அதை ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதட்டும். பெட்டியடியில் கிடக்கும் பழைய சம்பளச் சீட்டு, தோட்டத்துப் படம் எதையும் குப்பை என்று வீசிவிட வேண்டாம். லயங்கள் இடிந்து, ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட இந்நாளில், அந்தத் தாள்கள்தாம் நமக்குக் கோட்டை.

பங்கோரில் இறங்கியதும், குளிப்பதற்கு முன் தெலுக் கெடுங்கில் அரை மணி நேரம் நிற்போம். அந்தச் செங்கல் சுவரைப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும். கடலைக் காட்டி, "இங்கேதான் ஒரு கப்பலில் கையெழுத்துப் போட்டார்கள், அதன் பிறகுதான் நம் பாட்டன் வந்தார்" என்று சொல்வோம். இன்னொரு நாள் பாசீர் சாலாக்குக்கும் அழைத்துப் போவோம். அதற்கெல்லாம் பெரிய செலவு இல்லை.

நம் ஊர்ச் சாய்ந்த கோபுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1885-இல் கட்டிய அந்தக் கோபுரம் முதலில் தண்ணீர்த் தொட்டியாகப் பயன்பட்டது; அடிமண் இளகியதாக இருந்ததால் சாய்ந்தது. வெளியூர்க்காரர்கள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அந்த ஊரில் இருந்துகொண்டே, அது ஏன் சாய்ந்தது என்று சொல்லத் தெரியாவிட்டால், நமக்கும் அவர்களுக்கும் என்ன வேறுபாடு?

அந்தப் பையன் இப்போது வளர்ந்துவிட்டான். அடுத்த முறை அவன் தம்பி கட்டுரை எழுதும்போது, மணலும் தண்ணீரும் இருக்கட்டும்; நான்காவது வரியாகப் பாட்டியின் கதையும் இருக்கட்டும்.