காதுக்குள் எண்ணெய் விடலாமா?

ஈஸ்ட் ஹாமில் குளிர் தொடங்கினால் பிள்ளைகளுக்குத் தடிமன். அதன் பின்னாலேயே காதுவலி. மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் சிறு பிள்ளைகளுக்குக் கட்டை, சரிவும் குறைவு. அதனால் சளி வடியாமல் தேங்கிவிடுகிறது.

பிள்ளை இரவில் காதைப் பிடித்து அழுதால், அம்மம்மாவின் கை உள்ளி போட்டுக் காய்ச்சிய எண்ணெய்க்குத்தான் போகும். ஊரில் டொக்டர் தூரம்; குறை சொல்லமாட்டேன். ஆனால் நோவு செவிப்பறைக்கு உள்ளே. எண்ணெய் அங்கே போகாது. பறையில் ஓட்டை விழுந்திருந்தால் போகும், அது இன்னும் கெடுதல்.

வயதுக்கேற்ற அளவில் பரசிற்றமோல் கொடுங்கள். பெரும்பாலும் மூன்று நாளில் தணியும். அன்ரிபயோட்டிக் தரவில்லையென்று டொக்டரோடு கோபிக்காதீர்கள். இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு இரு காதிலும் வந்தால், அல்லது காதால் சீழ் வடிந்தால், கட்டாயம் காட்டுங்கள்.

இங்கிலாந்தில் 2024 ஜனவரி 31 முதல், 1 தொடக்கம் 17 வயது வரையான பிள்ளைகளின் காதைப் பெரும்பாலான பார்மசிகளிலேயே பார்த்து, தேவையென்றால் மருந்தும் தருகிறார்கள். ஜி.பி.யிடம் நேரம் எடுக்கத் தேவையில்லை.

மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 பாகை காய்ச்சல், அல்லது காதின் பின்புறம் வீக்கம் என்றால் விடியும்வரை பார்த்திருக்க வேண்டாம். உடனே 111ஐ அழையுங்கள். ‘தமிழ்’ என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள்.